'யாமிருக்க பயமேன்' ஒட்டின வண்டிக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி எதுக்கு?



போன மாசம் எங்க வீட்டுக்குப் புது வண்டி வந்துச்சு. நாலு மீட்டருக்குள்ள அடங்குற சின்ன எஸ்யூவி. 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர். வண்டி டெலிவரி ஆகுறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே என் தங்கச்சி பின் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் வாங்கி வச்சிட்டா. வேலும் மயிலும் படம், கீழே 'யாமிருக்க பயமேன்'.

அன்னைக்கு சாயங்காலமே ஷோரூம்ல இருந்து போன். "சார், எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடலாமா? கம்பெனி வாரண்டி 3 வருஷம் இருக்கு. அதுக்கு மேல 2 வருஷம். ஜிஎஸ்டி சேர்த்து 24,000 தான் வரும்."

ஸ்பீக்கர்ல போட்டுப் பேசிக்கிட்டு இருந்தேன். தங்கச்சி ஸ்டிக்கரைக் கையில வச்சுக்கிட்டே கேட்டா: "அண்ணா, இதை ஒட்டிட்டு அதையும் வாங்கினா முருகன் நம்மளப் பாத்து சிரிக்க மாட்டாரா?"

எல்லாரும் சிரிச்சோம். ஆனா ராத்திரி படுத்ததும் அந்தக் கேள்வி திரும்ப வந்துச்சு. விளையாட்டா கேட்டாலும் அது சின்னக் கேள்வி இல்ல. நம்பிக்கை இருக்கிறவன் முன்னெச்சரிக்கையா இருக்கலாமா? இருந்தா அது நம்பிக்கைக் குறைவா? முன்னெச்சரிக்கை எங்கே முடியுது, பயம் எங்கே ஆரம்பிக்குது? ஒரு வாரம் இதே யோசனை. அதுல எனக்குக் கிடைச்சதை உங்ககிட்ட சொல்லத்தான் இந்தப் பதிவு.

*ஏன் இந்த வண்டி*

எங்க அப்பா லாரி பட்டறையில 30 வருஷம் ஃபிட்டரா இருந்தவர். "வண்டிய நாம பாத்துக்கிட்டா அது நம்மளப் பாத்துக்கும்"னு அடிக்கடி சொல்வார். பழைய சின்ன கார் 14 வருஷம் ஓடுச்சு, அவர் கையாலதான். ஆனா அம்மாவுக்கு முட்டி வலி. தாழ்வான சீட்ல இறங்கி உக்காரவும் முடியாது, எழுந்திரிக்கவும் முடியாது. கதவைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் நிப்பாங்க. சீட் கொஞ்சம் உயரமா இருந்தா அப்படியே திரும்பி உக்காந்துடலாம். வண்டி மாத்தினதுக்கு முதல் காரணம் அதுதான்.

இன்னொரு காரணம் வரி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து நாலு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சிசி வரைக்கும் உள்ள பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆயிடுச்சு. முன்னாடி 28 சதவீதம், அதுக்கு மேல செஸ் வேற. அந்த வித்தியாசத்துலதான் எங்க பட்ஜெட்டுக்குள்ள வண்டி வந்துச்சு.

அப்போ 24,000 ரூபாய்ங்கிறது எங்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்குற காசு இல்ல. "லோன்லயே சேர்த்துடலாம் சார், மாசம் 500 ரூபாய் கூட வரும், அவ்வளவுதான்"னு சொன்னாங்க. 500 ரூபாய்னு கேட்கும்போது யாருக்குமே பெருசாத் தெரியாது. நானும் கிட்டத்தட்ட சரின்னு சொல்லிட்டேன். அப்பாதான், "அந்தப் புத்தகத்தை வாங்கிட்டு வா, படிச்சுட்டு சொல்லு"ன்னார்.

*புத்தகத்துல என்ன இருக்கு*

படிச்சப்பதான் தெரிஞ்சுது, நாம பல பேர் வாரண்டியையும் இன்சூரன்ஸையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம்னு.

வண்டி எங்கயாவது மோதினா, திருடு போனா, தீப்பிடிச்சா, அது இன்சூரன்ஸ். ஒரு பாகம் தயாரிப்புக் குறையால தானா கெட்டுப் போனா, அது வாரண்டி. இன்சூரன்ஸ்காரர் கியர்பாக்ஸ் தானா ரிப்பேர் ஆனதுக்குக் காசு தரமாட்டார். வாரண்டி, மோதின பம்பருக்கு வராது.

எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எல்லாத்துக்கும் வராது. பிரேக் பேடு, கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு மாதிரி தேய்ஞ்சு போற சாமான் பொதுவா அதுல சேராது. டயர், பேட்டரி ரெண்டுக்கும் அதைத் தயாரிச்ச கம்பெனியோட தனி வாரண்டி. எலி கடிச்ச ஒயருக்குக் கிடையாது. வெளியில கடையில ஒயரை வெட்டி எக்ஸ்ட்ரா லைட்டோ ஹாரனோ போட்டு, அதனால ஏதாவது ஆனா அதுக்கும் கிடையாது. எங்க வண்டிக்கு 10,000 கி.மீ. அல்லது 1 வருஷம், எது முதல்ல வருதோ அப்போ கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சர்வீஸ் செஞ்சிருக்கணும். ஒண்ணை விட்டுட்டாலும் க்ளைம் வரும்போது கேள்வி கேப்பாங்க.

தண்ணி விஷயம் தனியா சொல்லணும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் ஞாபகம் இருக்கும். தண்ணிக்குள்ள நின்ன வண்டியை, ஓடுதான்னு பாக்க நிறைய பேர் ஸ்டார்ட் பண்ணினாங்க. காத்தை அமுக்குற மாதிரி தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ள தண்ணி போய், பிஸ்டன் மேல வரும்போது கனெக்டிங் ராடு வளைஞ்சு, இன்ஜினே போச்சு. அது வாரண்டியிலயும் வராது. இன்சூரன்ஸ்லயும் 'இன்ஜின் ப்ரொடெக்ட்' தனியா எடுக்காதவங்களுக்குச் சிக்கல். அதனால வெள்ளத் தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. டோ பண்ணுங்க. இதுக்கு ஒரு ரூபாயும் செலவு இல்ல.

இதெல்லாம் படிச்சுட்டு ஷோரூம் தம்பிகிட்ட கேட்டேன். "எல்லாமே கவர்னு சொன்னீங்களே?" அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "அண்ணா, நானே அந்தப் பக்கத்தைப் படிச்சதில்ல. இந்த மாசம் டார்கெட் இருக்கு"ன்னார். இருபத்தி மூணு, இருபத்தி நாலு வயசு இருக்கும். கழுத்துல முருகன் டாலர்.

அவர் மேல கோவம் வரல. ஆனா பாவம்னு நினைச்சு 24,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடுறதும் தர்மம் ஆகாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றது அவர் தப்பு. படிக்காம கையெழுத்துப் போட்டா அது என் தப்பு. அவரைத் திருடன் மாதிரி நடத்தாம, ரெண்டு பேரும் உக்காந்து அந்தப் பக்கத்தை ஒண்ணாப் படிச்சோம். அடுத்த கஸ்டமர்கிட்ட அவர் சரியா சொல்வார்னு நம்புறேன்.

*கணக்கு*

இப்போ காசுக் கணக்கு. 24,000 ரூபாயை 9 சதவீத வட்டியில 5 வருஷ லோன்ல சேர்த்தா, மாசம் 498 ரூபாய் வருது. 60 மாசத்துக்கு மொத்தம் கிட்டத்தட்ட 29,900 ரூபாய். இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. முதல் 3 வருஷம் கம்பெனி வாரண்டியே இருக்கு. எக்ஸ்டெண்டட் வாரண்டி வேலை செய்ய ஆரம்பிக்கிறது 37-வது மாசம். வட்டி மட்டும் முதல் மாசத்துல இருந்தே ஓடும்.

அதே 24,000 ரூபாயை 6.5 சதவீத வட்டியில டெபாசிட் போட்டா 3 வருஷத்துல கிட்டத்தட்ட 29,000 ஆகியிருக்கும். அதாவது அந்த வாரண்டி ஆரம்பிக்கிற அன்னைக்கு நம்ம கையில 29,000 இருக்கும்.

விக்கிறவங்க எந்தக் காப்பும் நஷ்டத்துல விக்க மாட்டாங்க. ரிப்பேருக்குச் சராசரியா ஆகுற செலவு, அதுக்கு மேல அலுவலகச் செலவு, டீலர் கமிஷன், லாபம் எல்லாம் சேர்த்துத்தான் விலை வைக்க முடியும். அதனால வாங்குற ஆயிரம் பேரை ஒண்ணாப் பாத்தா, கட்டின காசை விடக் குறைவாத்தான் திரும்ப வரும்.

"அப்போ வாங்குறவங்க எல்லாம் ஏமாளியா?"ன்னு கேப்பீங்க. இல்ல. நாம யாரும் ஆயிரம் பேரா வாழல. ஒரே வீடா வாழுறோம். ஆயிரம் வண்டியில பத்து வண்டிக்குப் பெரிய ரிப்பேர் வரும்னு வச்சுக்குவோம். அந்தப் பத்துல நம்ம வண்டி ஒண்ணா இருந்தா, மீதி 990 வண்டி நல்லா ஓடுறது நமக்கு எந்த ஆறுதலும் தராது. காப்புங்கிற ஏற்பாடே இதுக்காகத்தான் வந்துச்சு. ஒருத்தரால தாங்க முடியாததை எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாத் தாங்குறது. அது நல்ல விஷயம்தான்.

அதனால கேட்க வேண்டிய கேள்வி, "எது லாபம்?" இல்ல. "இந்தச் செலவு திடீர்னு வந்தா எங்க வீடு தாங்குமா?" அதுதான் கேள்வி.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கோயம்புத்தூர், திருப்பூர்னு துணி ஆர்டருக்காக வருஷத்துக்கு 40,000 கி.மீ. ஓட்டுறான். டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர். மாசக் கடைசியில இ.எம்.ஐ கட்டவே இழுத்துப் பிடிக்கிறான். அவன் வண்டிக்கு 3 வருஷம் அல்லது 1 லட்சம் கி.மீ. வாரண்டின்னா, அவனுக்கு ரெண்டரை வருஷத்துல அது முடிஞ்சிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரு தடவை கை வச்சா பில் எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. வண்டி நின்னா அவன் பிழைப்பே நின்னுடும். அவன்கிட்ட நான் சொன்னது, "கி.மீ. எவ்வளவு வரைக்கும்னு நல்லாப் பாத்துட்டு, கண்டிப்பா எடு." டாக்சி போர்டு வண்டின்னா நிபந்தனையே வேற மாதிரி இருக்கும். அதையும் கேட்டுக்கணும்.

நாங்க வருஷத்துக்கு 10,000 கி.மீ. கூடத் தாண்ட மாட்டோம். டர்போ இல்லாத இன்ஜின், மேனுவல் கியர், வீட்ல ஒரு ஃபிட்டர். ஒரே கம்பெனி, ஒரே வாரண்டி. அவனுக்கு அது புத்திசாலித்தனம். எங்களுக்கு அது பயத்துக்குக் கட்டுற காசு. ஒருத்தர் செஞ்சாரேன்னு இன்னொருத்தர் செய்யக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான்.

*தங்கச்சியோட கேள்வி*

கணக்கு முடிஞ்சுது. ஆனா தங்கச்சி கேட்டது கணக்கு இல்லையே.

நம்பிக்கை இருந்தா முன்னெச்சரிக்கை தேவையில்லைன்னு ஒரு பேச்சு நம்ம க்ரூப்லயே அடிக்கடி வரும். கோயிலைப் பாருங்க. கோபுரத்து உச்சியில இடிதாங்கி இருக்கு. உண்டியலுக்குப் பூட்டு இருக்கு. 12 வருஷத்துக்கு ஒரு தடவை பாலாலயம் செஞ்சு, விரிசலைப் பூசி, அஷ்டபந்தன மருந்து புதுசா சாத்தி கும்பாபிஷேகம் பண்றாங்க. சாமி குடியிருக்கிற இடத்துக்கே பராமரிப்பு வேணும்னு நம்ம பெரியவங்க நினைச்சிருக்காங்க. அதை யாரும் நம்பிக்கைக் குறைவுன்னு சொன்னதில்ல. அன்பு இருக்கிற இடத்துலதான் பராமரிப்பு இருக்கும்.

அப்போ எவ்வளவு வேணும்னாலும் காப்பு வாங்கலாமா? அதுவும் இல்ல. ஷோரூம் லிஸ்ட்டை ஒரு தடவை முழுசாப் படிச்சுப் பாருங்க. ஜீரோ டெப், இன்ஜின் காப்பு, டயர் காப்பு, சாவி தொலைஞ்சா காப்பு, பெயிண்ட்டுக்கு கோட்டிங், அடியில கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி. ஒவ்வொண்ணும் தனியாப் பாத்தா நியாயமாத்தான் தெரியும். எல்லாத்தையும் வாங்கினவங்க வீட்லயும் முதல் கீறல் விழுந்த அன்னைக்கு சோறு இறங்காது. 'எனக்கு எதுவுமே ஆகக் கூடாது'ங்கிற ஆசைக்கு எந்தக் காகிதமும் போதாது. நூறு காகிதம் வாங்கினாலும் நூத்தியொண்ணாவது பயம் வரும்.

இந்த இடத்துல எங்க மாமாவைப் பத்தி சொல்லணும்.

*மாமா கேட்ட கேள்வி*

அம்மாவோட தம்பி. 2016-ல புது கார் எடுத்தார். எங்க குடும்பத்துலயே அப்படி ஒரு பூஜை யாரும் போட்டதில்ல. சந்தனம், குங்குமம், மாலை, பூசணிக்காய், நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம். முருகன் சன்னதியில சாவியை வச்சு எடுத்தார். பத்தொன்பதாவது நாள், ராத்திரி, லைட்டே இல்லாம ரோட்டோரம் நின்ன லாரியில பின்னாடி போய் மோதிட்டார்.

அவருக்கும் அத்தைக்கும் பெருசா ஒண்ணும் இல்ல. முன் சீட்ல பெல்ட் போட்டிருந்தாங்க. பின் சீட்ல 9 வயசுப் பையன் தூங்கிக்கிட்டு வந்தான். பெல்ட் இல்ல. காலுல ரெண்டு ஆபரேஷன். இன்னைக்கும் கொஞ்சம் சாய்ஞ்சுதான் நடப்பான்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் வந்துடுச்சு. மாமா அதுக்கப்புறம் கோயிலுக்கு வரல. "எலுமிச்சம்பழம் ஏத்தினேன். தேங்காய் உடைச்சேன். சாவியை அவன் காலடியில வச்சேன். அப்புறம் ஏன்?" இதான் அவர் கேள்வி. நாங்க யாரும் பதில் சொல்லல. "கர்மா"ன்னு சொல்ல வந்த ஒரு உறவுக்காரரை அம்மா வெளியவே அனுப்பிட்டாங்க. சரியான காரியம். அடிபட்ட குழந்தை பக்கத்துல நின்னு அந்த வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது.

அஞ்சு வருஷம் கழிச்சு அந்தப் பையனே தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறேன்னு சொன்னான். மாமா எவ்வளவோ தடுத்துப் பாத்தார். கேக்கல. கடைசியில மாமாவும் தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டுக் கூடவே நடந்தார். திரும்பி வந்து ஒரு நாள் என்கிட்ட சொன்னார்: "அவனுக்கு முருகன் மேல கோவமே இல்ல மாப்ள. கால் போனவன் அவன். அவன் கும்பிடுறான். நான்தான் ரசீதைக் கையில வச்சுக்கிட்டு இத்தனை வருஷமா க்ளைம் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

தங்கச்சி கேள்விக்குப் பதில் எனக்கு இதுலதான் கிடைச்சுது.

நம்மள்ல பல பேர் பூஜையை வாரண்டியா நினைக்கிறோம். இவ்வளவு செஞ்சேன், இவ்வளவு காலத்துக்கு இது ஆகக் கூடாது. அப்படி நினைச்சுட்டா, ஒண்ணு ஆகும்போது ரெண்டே வழிதான். ஒண்ணு, 'நிபந்தனையில நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்'னு நம்மளையே குத்திக்கணும். இல்ல, 'கம்பெனி ஏமாத்திடுச்சு'ன்னு சாமிகிட்ட கோவிச்சுக்கணும். மாமா ரெண்டாவது வழியில போனார். அத்தை முதல் வழியில போய், அந்த வருஷம் விட்ட விரதத்தை எல்லாம் எண்ணி எண்ணி அழுதாங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. உறவை ஒப்பந்தமா நினைச்சதுதான் தப்பு.

கந்த சஷ்டி கவசம் படிக்கிறவங்களுக்குத் தெரியும். தேவராய சுவாமிகள் உடம்புல ஒவ்வொரு உறுப்பாச் சொல்லிக் காக்கச் சொல்லிக் கேப்பார். நான் சின்னப் பிள்ளையில அதை ஒரு லிஸ்ட்டாத்தான் நினைச்சேன், சொன்னதெல்லாம் கவர் ஆயிடும்னு. இப்போ படிக்கும்போது வேற மாதிரி தெரியுது. தன் உடம்பு ஒவ்வொரு இடத்துலயும் உடையக் கூடியதுன்னு தெரிஞ்ச ஒருத்தர், தனக்கு வேண்டியவர்கிட்ட மனசு விட்டுப் பேசுற பேச்சு அது. சின்னப் பிள்ளை இருட்டுல அம்மா கையைப் பிடிச்சுக்கிற மாதிரி. அந்தப் பிள்ளை அம்மாகிட்ட கையெழுத்தா வாங்குது?

'யாமிருக்க பயமேன்' அப்படிங்கிறதுலயும் 'உனக்கு ஒண்ணும் ஆகாது'ங்கிற வாக்குறுதி இல்ல. 'நான் இருக்கேன்'ங்கிறதுதான் இருக்கு. ஆகும்போதும் இருக்கேன். ஆஸ்பத்திரி வராண்டாவுலயும் இருக்கேன். இந்த வித்தியாசம் புரிஞ்சா வாரண்டி வாங்கினாலும் குத்தம் இல்ல, வாங்காட்டியும் குத்தம் இல்ல. காகிதத்துல எழுதியிருக்கிறதைக் காகிதத்துகிட்ட கேளுங்க. எழுதாததைக் காகிதத்துகிட்ட எதிர்பாக்காதீங்க. முருகன்கிட்ட கேட்க வேண்டியது வேற.

*நாங்க மறந்தது*

வெக்கமா இருந்தாலும் இதைச் சொல்லியே ஆகணும். வண்டியோட நாலாவது வருஷத்தைப் பத்தி ஒரு வாரம் பேசினோம். ஒரு நாள் ராத்திரி அப்பா திடீர்னு கேட்டார்: "உங்கம்மா முட்டிக்கு ஆபரேஷன்னா எவ்வளவு ஆகும்?" யாருக்கும் தெரியல. அம்மாவுக்கு மெடிக்கல் இன்சூரன்சே இல்ல. யாருக்காக இந்த வண்டி வாங்கினோமோ, அவங்களுக்கே காப்பு இல்லாம வண்டியோட கியர்பாக்ஸுக்குக் காப்பு பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்.

அடுத்த நாளே விசாரிச்சோம். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம் வரைக்கும் இருக்கும். அதனால இன்னைக்கு எடுக்குறதுக்கும் அடுத்த வருஷம் எடுக்குறதுக்கும் பெரிய வித்தியாசம். முட்டி வலியை மறைக்காம எழுதித்தான் எடுத்தோம். "அதைச் சொல்லாதீங்க, பிரீமியம் கூடும்"னு ஒருத்தர் ஐடியா கொடுத்தார். பொய் சொல்லி வாங்குற காப்பு, தேவைப்படுற அன்னைக்குக் கை விட்டுடும். அதுக்கு மேல, ஒரு குளத்துல ஆயிரம் பேர் ஊத்தின தண்ணி அது. ஏமாத்தி மொண்டா யாரோ ஒருத்தருக்குக் குறையும். தனிநபர், குடும்ப மெடிக்கல் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டியும் இல்ல.

எக்ஸ்டெண்டட் வாரண்டி இப்போதைக்கு எடுக்கல. எங்க வண்டிக்கு முதல் 3 வருஷம் முடியுறதுக்குள்ள எப்ப வேணும்னாலும் எடுக்கலாம், தள்ளிப் போனா விலை கொஞ்சம் ஏறும்னு புத்தகத்துலயே இருக்கு. அதனால போஸ்ட் ஆபீஸ்ல மாசம் 1,000 ரூபாய் ஆர்.டி. போட்டிருக்கோம். 3 வருஷத்துல 36,000, அதுக்கு மேல வட்டி. தங்கச்சி அதுக்கு 'வண்டி உண்டியல்'னு பேர் வச்சிட்டா. மூணாவது வருஷம் வண்டி எப்படி இருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம். ரிப்பேர் வரலன்னா காசு வீட்லயே இருக்கும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மாசாமாசம் ஒழுங்கா எடுத்து வைக்க முடியாதுன்னு உங்களைப் பத்தி உங்களுக்கே தெரிஞ்சா, வாரண்டியே எடுத்துடுங்க. தன்னை அறிஞ்சு முடிவெடுக்குறதும் ஒழுக்கம்தான்.

*அப்புறம் ரிப்பேர் வந்தா?*

ஒரு ஃப்ரெண்ட் கேட்டான்: "நாலாவது வருஷம் 60,000 ரூபாய்க்கு பில் வந்தா, அன்னைக்கு உன் முடிவு தப்புதானே?"

வலிக்கும். ஆனா தப்புன்னு ஆகாது. ஹெல்மெட் இல்லாமப் போனவன் பத்திரமா வீடு வந்து சேர்ந்தா, அவன் முடிவு சரின்னு ஆயிடுமா? அந்த நேரத்துல தெரிஞ்சதை வச்சு, கவனமா, நேர்மையா முடிவெடுத்தோமா? நம்ம கையில இருக்கிறது அது மட்டும்தான். விளைவு நம்ம கையில முழுசா இல்ல. ராத்திரி ரோட்டுல லைட் இல்லாம நிக்கிற லாரி நம்ம கையில இல்ல. பின் சீட் பெல்ட் நம்ம கையில இருக்கு.

அதை நாம எவ்வளவு லேசா விட்டுடறோம். 2022 செப்டம்பர் 4-ந் தேதி டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விபத்துல இறந்தப்போ, நாடே இதைப் பேசிச்சு. விலை உயர்ந்த கார். பின் சீட்ல இருந்தவங்க பெல்ட் போடலன்னு போலீஸ் சொன்னாங்க. பின் சீட்லயும் பெல்ட் போடணும்னு சட்டமே இருக்கு, போடலன்னா 1,000 ரூபாய் அபராதம். ஆனா நாம என்ன பண்றோம்? புது வண்டி வந்ததும் முதல் வேலையா சீட் கவர் போட்டு, பின் சீட் பெல்ட் மாட்டுற இடத்தையே உள்ளே தள்ளி மூடிடறோம். சைடு ஏர்பேக் சீட்டுக்குள்ளயே இருக்கிற வண்டிக்கு, அது விரியுறதுக்கு வழி விடாத கவரை மாட்டிடறோம். காசு கொடுத்து வாங்கின காப்பை, காசு கொடுத்தே அடைக்கிறோம்.

வண்டி வந்த அன்னைக்கு எங்க ஊர் முருகன் கோயில் வாசல்ல பூஜை. அத்தையும் பையனும் வந்தாங்க. மாமாவும் வந்தார். குருக்கள் தீபாராதனை காட்டினார், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சோம். வண்டியை நகர்த்தப் போனப்போ மாமா, "ஒரு நிமிஷம்"னு சொல்லி நிறுத்தினார். பின் கதவைத் திறந்து, சீட் இடுக்குல கை விட்டு, மூணு பெல்ட்டையும் வெளியே எடுத்து ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்தார். க்ளிக், க்ளிக், க்ளிக். அப்புறம் அம்மாவைக் கையைப் பிடிச்சு உக்கார வச்சு, அவரே பெல்ட்டைப் போட்டு விட்டார். பையன் ஒண்ணும் சொல்லல. அப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தான்.

அதுக்கப்புறம்தான் வண்டி எலுமிச்சம்பழத்து மேல ஏறுச்சு.

ஸ்டிக்கரை ஒட்டியாச்சு. பின் கண்ணாடியில ஓட்டுறவருக்குப் பார்வை மறைக்காத மாதிரி ஓரமா, சின்னதா. தங்கச்சி திரும்பவும் கேட்டா, "இப்போ முருகன் சிரிப்பாரா அண்ணா?" "பெல்ட்டைப் போடு, அப்புறம் சொல்றேன்"னேன்.

உங்க வீட்ல வண்டி இருந்தா, இந்தப் பதிவைப் படிச்சு முடிச்சதும் ஒரு தடவை பின் சீட்ல கையை விட்டுப் பாருங்க. பெல்ட் மாட்டுற இடம் கைக்குக் கிடைக்குதான்னு. கிடைக்கலன்னா இன்னைக்கே எடுத்து வெளியே விடுங்க.

முருகா சரணம்.